ஒருசந்தியும் முழந்தாளும்

டெக்சாஸ் ரவுண்ட் ராக்கில் வேளாங்கண்ணி மாதாவின் சப்பரத்துக்கு எட்டுத் தோள் வேண்டும். முன்னால் நாலு, பின்னால் நாலு. தாமஸ் தன் கராஜில் வைத்து, மரக்கடையில் வாங்கிய பைன் சட்டங்களை இழைத்துச் செய்த சப்பரம் அது. மாதா சுரூபத்தையும் பூவையும் சீரியல் விளக்கின் பேட்டரியையும் ஏற்றிவிட்டால் நல்ல கனம் கனக்கும். முன்வரிசையில் இடது ஓரம் தாமஸுடைய இடம். ஆரம்பித்த வருஷத்திலிருந்து அந்த இடத்தை அவர் யாருக்கும் விட்டதில்லை.

இந்த வருஷம் பின்வரிசையில் ஒரு இடம் காலி. ஷைன் என்கிற தம்பி வேலை மாறிப் பிளானோவுக்குக் குடிபோய்விட்டான். மே மாதம் முழுக்கத் தாமஸ் போன் போட்டுப் பார்த்தார். ஒருத்தருக்குக் குடலிறக்க ஆபரேஷன். இன்னொருத்தர் திருநாள் வருகிற செப்டம்பரில் ஊருக்குப் போகிறார். வேறொருத்தருக்குத் தூக்க ஆசைதான், வீட்டில் விடமாட்டேன் என்கிறார்கள்.

"எஞ்சினியர்மாருக்கெல்லாம் தோள் இருக்கு, முதுகுதான் இல்ல" என்று அவர் போனை மேஜையில் வைத்தார்.

அவர் மனைவி ஜோசபின் அடுப்படியில் சீலா மீனைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஐஸ் கட்டியாக வந்த மீன். தூத்துக்குடிக்காரிக்கு அதை மீன் என்று சொல்லவே வாய் கூசும். ஆனாலும் புளி கரைத்து மாங்காய் போட்டுக் கொதிக்க விட்டால் தெருக்கோடி வரை மணக்கத்தான் செய்யும். குழாயை மூடிவிட்டு, திரும்பாமலே சொன்னாள்.

"நான் தூக்குதேன்."

"என்னத்த?"

"சப்பரத்த."

தாமஸ் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டார்.

ஊரில் பெண்கள் சப்பரம் தூக்கி அவள் பார்த்ததில்லை. பின்னால் ஜெபமாலை சொல்லிக்கொண்டு நடப்பார்கள், அவ்வளவுதான். சின்ன வயதில் அப்பாவின் தோள் சப்பரத் தண்டுக்குக் கீழே அமுங்குவதைப் பார்த்து, அந்த இடம் தனக்கு ஒருநாள் கிடைக்காதா என்று ஏங்கியிருக்கிறாள். போன டிசம்பரில், இதே கோயிலில், மெக்சிகோக்காரப் பெண்கள் குவாதலூப்பே மாதாவைத் தோளில் தூக்கிக்கொண்டு பாட்டோடு வந்தார்கள். முன்னால் வந்தவள் மரிசோல். ஜோசபினோடு பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் கூடத்தில் வேலை செய்கிறவள். அன்றைக்கு மரிசோலின் முகத்தைப் பார்த்த ஜோசபினுக்குப் பொறாமையில் சோறு இறங்கவில்லை.

"மரிசோல் தூக்குதா. ஃபாதரும் தாராளமாத் தூக்கலாம்னுட்டாரு."

"அவ தூக்குவா. அவளுக்கு முட்டு இருக்கு. ஒனக்கு எங்க இருக்கு?"

அதுதான் உண்மை. ஜோசபினின் வலது முழங்கால் தேய்ந்து போயிருந்தது. காலையில் ஆறரைக்குப் பள்ளிக்கூடச் சமையல்கட்டில் தலைக்கு வலை மாட்டினால், பிற்பகல் வரை சிமெண்டுத் தரையில் நிற்க வேண்டும். பால் பெட்டிகளை இழுக்க வேண்டும். குனிந்து அடித்தட்டு அடுப்பிலிருந்து உருளைக்கிழங்கு வறுவலும் சிக்கன் துண்டும் அடுக்கிய தட்டுகளை உருவ வேண்டும். ஒவ்வொரு குனியலுக்கும் ஒரு "ஐயோ". அந்த ஒரு தமிழ்ச் சொல்லை மரிசோலும் கற்றுக்கொண்டு, தட்டு கீழே விழுந்தால் "ஐயோ" என்பாள்.

சப்பரம் தூக்குவதில் நடப்பதுகூடப் பெரிதில்லை. வாகன நிறுத்தத்தைச் சுற்றி, ஓக் மரத் தெருவில் போய்த் திரும்பிவிடலாம். கோயில் வாசலில்தான் சோதனை. தாமஸ் தன் ஊர் வழக்கத்தை அப்படியே இங்கே கொண்டுவந்திருந்தார். உள்ளே இருக்கும் நற்கருணைக்கு மரியாதையாக, சப்பரத்தைத் தோளில் வைத்தபடி எட்டுப் பேரும் ஒரு காலை மடக்கி முழந்தாளிட வேண்டும். ஒரு 'அருள் நிறைந்த மரியே' முடிந்ததும், எட்டுப் பேரும் ஒரே மூச்சில் எழ வேண்டும். ஒருத்தர் சறுக்கினாலும் மாதா சாய்ந்துவிடும்.

"சரி" என்றார் தாமஸ். "கொடியேத்துக்கு மொத நாள், எதையும் பிடிக்காம வலது கால முழந்தா போட்டு, ஒரு அருள் நிறைந்த மரியே சொல்லிட்டு எந்திரி. எந்திரிச்சிட்டேன்னா ஷைன் எடம் ஒனக்கு."

அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு ஜோசபின் டாக்டரிடம் போனாள்.

டாக்டரம்மா டெக்சாஸ்காரி, நெட்டை, பூட்ஸ் போட்டிருப்பாள். படத்தைக் காட்டி ஒளிவுமறைவில்லாமல் சொன்னாள். தேய்ந்த குருத்தெலும்பு திரும்ப வளராது. ஆனால் உன் ரத்தத்தையே கொஞ்சம் எடுத்து, எந்திரத்தில் சுற்றி, காயம் ஆற்றுகிற அணுக்கள் செறிந்த மஞ்சள் நீரை மட்டும் பிரித்து மூட்டுக்குள் ஊசி போடலாம். சிலருக்கு நன்றாகக் கேட்கிறது, சிலருக்குக் கேட்பதில்லை. கேட்டாலும் சில வாரங்கள் போக வேண்டும். கூடவே தொடையைப் பலப்படுத்துகிற பயிற்சி செய்தே தீர வேண்டும்.

ஜோசபினுக்கு இது பிடித்துப்போயிற்று. வெளி மருந்து எதுவும் இல்லை, தன் ரத்தமே தனக்கு மருந்து. வீட்டுக்கு வரும் வழியில் காரிலேயே நேர்ந்துகொண்டாள். ஊசி போடும் வெள்ளிக்கிழமை, மத்தியானத் திரிகாலச் செபம் வரைக்கும் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் ஒருசந்தி இருக்கிறேன் தாயே.

முந்தின நாள் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தபோது தாமஸ் புல்வெட்டும் எந்திரத்தைக் கழற்றிப் போட்டுக்கொண்டிருந்தார். கிரீஸ் கையோடு போனை எடுத்து, எல்லாவற்றுக்கும் "யெஸ், யெஸ், தேங்க்யூ" சொல்லி வைத்தார்.

"என்ன சொன்னாவ?" என்றாள் ஜோசபின்.

"ரத்தம் எடுப்பாவளாம். வேறென்ன, வெறும் வயித்தோட வரணும். நானும் சாப்பிடல ஒங்கூட."

நல்லதாகப் போயிற்று என்று நினைத்தாள். நேர்ச்சையும் வைத்தியமும் ஒரே வயிற்றில் பொருந்தி வருவது மாதாவின் ஏற்பாடு என்றே பட்டது.

வெள்ளிக்கிழமை காலையிலேயே வெயில் கொளுத்தியது. மகள் ஜோவானா காரை ஓட்ட, மூன்று பேரும் போனார்கள். ஊசி அறையில் ரக்ஷா என்றொரு பெண் இருந்தாள். பெங்களூரில் பிறந்து சென்னையில் படித்தவள். தமிழ் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு ஒரே சந்தோஷம்.

"ஆன்ட்டி, ரிலாக்ஸா உக்காருங்க. சின்ன நீடில்தான்" என்று கையில் ரப்பர் பட்டையைக் கட்டினாள். தட்டினாள், தடவினாள், கையை மாற்றினாள். நரம்பு எங்கேயோ ஒளிந்துகொண்டது. குத்திப் பார்த்ததில் ரெண்டு சொட்டு வந்து நின்றுவிட்டது.

"ஆன்ட்டி, காலைல எவ்ளோ தண்ணி குடிச்சீங்க?"

"தண்ணியா? ஒண்ணும் குடிக்கலம்மா. ராத்திரி சாப்பிட்டதோட சரி."

ரக்ஷா நிமிர்ந்தாள். "நேத்து போன்ல சொன்னாங்களே ஆன்ட்டி. நல்லா பிரேக்ஃபாஸ்ட் சாப்பிடணும், நிறைய தண்ணி குடிக்கணும்னு."

எல்லோரும் தாமஸைப் பார்த்தார்கள்.

"சொன்னா, சொன்னா" என்றார் அவர். "அது ரத்தம் எடுத்ததுக்குப் பொறவுன்னு நெனச்சேன். ரத்தம் எடுக்கதுன்னா வெறும் வயிறுதான? நம்ம ஆளுவள்ள யாரட்ட வேணும்னாலும் கேட்டுப் பாருங்க."

"அப்பா, அது சுகர் டெஸ்ட்டுக்கு" என்றாள் ஜோவானா. "திஸ் இஸ் நாட் அ டெஸ்ட். அவங்க அம்மாவோட பிளட்டை யூஸ் பண்ணப் போறாங்க."

ரக்ஷாவுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். "பரவால்ல அங்கிள். வாரத்துக்கு ஒருத்தர் இப்படி வந்துடறாங்க. எல்லாம் நம்மூர்க்காரங்கதான்." ஆரஞ்சு ஜூஸும் பிஸ்கட்டும் கொண்டுவந்து வைத்தாள். "சாப்பிட்டுட்டு ஒரு ஒன் ஹவர் வெயிட் பண்ணுங்க. இல்லன்னா நெக்ஸ்ட் அவைலபிள் டேட் ஆகஸ்ட்லதான் இருக்கு."

ஆகஸ்ட் என்றால் கொடியேற்றம் கைவிட்டுப் போகும். சுவரில் மணி பத்து. திரிகாலச் செபத்துக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. ஜோசபின் ஜூஸையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒருசந்தி இருக்கேன்லா" என்று தாமஸிடம் மெதுவாகச் சொன்னாள்.

"தெரியும்."

"மாதாட்ட சொல்லிட்டேன்."

தாமஸ் கூரையைப் பார்த்து யோசித்தார். இந்த மாதிரி விஷயத்தில் அவர் உடனே தீர்ப்புச் சொல்லிவிடமாட்டார். "ஊர்ல சொகமில்லாதவியளுக்கு ஒருசந்தி கெடையாதுன்னு சாமியாரே சொல்லுவாருல்லா."

"நான் நோயாளியா?"

"பொறவு எதுக்கு இங்க வந்து உக்காந்திருக்கோம்?"

ஜோசபின் தன் கையைத் திருப்பிப் பார்த்தாள். குத்திய இடத்தில் பஞ்சு ஒட்டியிருந்தது. இந்த ரத்தம்தான் மருந்தாகி உள்ளே போகப்போகிறது. அதற்கு ஒரு வாய் தண்ணீர் கொடுக்காமல் மாதாவிடம் எதைக் கேட்பது? சிலுவை போட்டுக்கொண்டு ஜூஸை மடமடவென்று குடித்தாள். பிறகு கைப்பையைத் திறந்து, ஊரிலிருந்து அண்ணன் மகன் கொடுத்தனுப்பிய மக்ரூன் பொட்டலத்தைப் பிரித்தாள். ஒருசந்தி முடிந்ததும் தின்ன வைத்திருந்தது. ரக்ஷாவுக்கு ஒன்று கொடுத்துவிட்டு, தானும் ஒன்றை வாயில் போட்டாள். முந்திரியும் சீனியும் கரைந்து தொண்டையில் இறங்கியபோது கண்ணே கலங்கிவிட்டது.

"ஏங்க, நீங்களும் ஒண்ணு தின்னுங்க."

"நான் இருக்கட்டும். ரெண்டு பேருல ஒருத்தராவது முழுசா இருப்போம்" என்றார் தாமஸ் பெருமையாக.

அந்தப் பெருமை ஒரு மணி நேரம் தாங்கியது. இரண்டாம் முறை குத்தியதும் ஜோசபினின் ரத்தம் குழாயில் சிவப்பாகப் பாய்ந்தது. ரக்ஷா, "சூப்பர் ஆன்ட்டி" என்றாள். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த தாமஸ், "நல்லா வருதே" என்று சொல்லிக்கொண்டே சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மயக்கம் உடனே தெளிந்துவிட்டது. எழுந்திருக்கத்தான் முடியவில்லை. ரக்ஷா ஒரு பக்கமும் ஜோவானா ஒரு பக்கமும் பிடித்துத் தூக்கினார்கள். எங்கேயோ 'களுக்' என்று ஒரு சத்தம் கேட்டது.

"அது இந்த நாற்காலி" என்றார் தாமஸ்.

நாற்காலியை யாரும் தொடவில்லை. ஆனால் ஜோசபின் அப்போது அதை யோசிக்கிற நிலைமையில் இல்லை. அவளுடைய ரத்தம் மூலையில் எந்திரத்துக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் டாக்டரம்மா தேன் நிறத்தில் ஒரு ஊசியோடு வந்தாள். ஸ்கேன் கருவியை முட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டே உள்ளே இறக்கினாள். முட்டி நிறைந்து இறுகியது. ஜோசபின் பல்லைக் கடித்துக்கொண்டு ஜெபமாலையில் ஒரு மணியை இறுக்கிப் பிடித்தாள்.

அடுத்த சில நாட்கள் கால் விண்விண்ணென்று வலித்தது. வீக்கத்தை அடக்குகிற வலி மாத்திரை கூடாது, ஐஸ் கூடாது, தைலமும் வேண்டாம் என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். தாமஸ் சோறாக்கினார். அவருக்குத் தெரிந்தது தேங்காய்ப்பால் கஞ்சியும் தொட்டுக்கொள்ளத் துவையலும்தான், அதையே மூன்று வேளையும் போட்டார். வலி அடங்கியதும் பயிற்சி ஆரம்பமானது. ஜோவானா கால் எடைப்பட்டை வாங்கித் தருகிறேன் என்றாள். ஜோசபின் பழைய துவாலையில் உளுந்துப் பையை வைத்துச் சுற்றி, கணுக்காலில் கட்டிக்கொண்டு சோபாவில் உட்கார்ந்து காலை நீட்டி மடக்கினாள். தாமஸ் எதிரே உட்கார்ந்து, ஆபீஸில் சர்வர் பெட்டியைச் சோதிக்கிற முகத்தோடு எண்ணிக்கை சொன்னார். குறைத்துச் செய்தால் விடமாட்டார்.

ஜூலை முழுக்க ஒன்றும் தெரியவில்லை. சில ராத்திரிகளில் ஜோசபினுக்கு அழுகை வந்தது. மாதாவுக்குச் சொன்ன வாக்கைப் பாதியில் உடைத்ததால்தான் கேட்கவில்லையோ என்று பயந்தாள். சொல்லிக்கொள்ள ஆளில்லாமல் துவாலையை இன்னும் இறுக்கிக் கட்டினாள். ஒரு விஷயம் மட்டும் அவளுக்கு விளங்கவில்லை. குளியலறை அலமாரியில் இருந்த தைலப் பாட்டில், அவள் தொடாமலே குறைந்துகொண்டு வந்தது.

ஆகஸ்டில் பள்ளிக்கூடம் திறந்தது. இரண்டாம் வாரம் ஒருநாள், பிள்ளைகள் வரிசையில் நிற்க, ஜோசபின் அடித்தட்டு அடுப்பிலிருந்து பீட்சாத் தட்டை உருவி எழுந்து மேலே வைத்தாள். திரும்பினால் மரிசோல் கரண்டியோடு அப்படியே நின்றுகொண்டிருந்தாள்.

"மிஸ் ஜோ, நோ ஐயோ டுடே?"

ஜோசபினுக்குச் சட்டென்று புரியவில்லை. பிறகு மறுபடியும் குனிந்து பார்த்தாள், எழுந்தாள். முட்டி லேசாக முனகியது, அவ்வளவுதான். கையுறையோடு மரிசோலைக் கட்டிப்பிடித்தாள். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில், வரிசையில் நின்ற பிள்ளைகள் எதற்கென்று தெரியாமலே கைதட்டினார்கள்.

கொடியேற்றத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் வீட்டுக் கூடத்தில் பரீட்சை நடந்தது. சோபாவை நகர்த்தியாயிற்று. ஜோவானாதான் நடுவர். ஜோசபின் சேலைக் கொசுவத்தைச் செருகிக்கொண்டு வலது முழந்தாளைத் தரையில் ஊன்றினாள். நிறுத்தி நிதானமாக 'அருள் நிறைந்த மரியே' சொன்னாள். 'ஆமென்' வந்ததும் மூச்சை இழுத்து எழுந்தாள். நடுவில் ஒரு சின்ன ஆட்டம், ஆனால் எதையும் பிடிக்கவில்லை.

"பாஸ்" என்றாள் ஜோவானா.

தாமஸ் தலையாட்டினார். அவர் முகத்தில் சந்தோஷம் தெரிந்தது, கூடவே கொஞ்சம் அவசரமும். "சரி, எடம் ஒனக்குத்தான். காப்பி போடு."

"காப்பி இருக்கட்டும்" என்றாள் ஜோசபின். "எட்டுப் பேரும் ஒண்ணா எந்திரிக்கணும்லா. சேந்து போட்டுப் பாப்போம், வாங்க."

"எனக்கென்னத்துக்கு? எத்தன வருசமாத் தூக்குதேன்."

"சும்மா வாங்களேன்."

தாமஸ் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முழந்தாளிட்டார். இரண்டு பேரும் சேர்ந்து சொன்னார்கள். ஆமென். ஜோசபின் எழுந்தாள். தாமஸ் எழவில்லை. கண்ணை மூடியபடி, "அருள் நிறைந்த மரியே வாழ்க" என்று இரண்டாவதை ஆரம்பித்தார்.

"அப்பா, ஒன் இஸ் இனஃப்."

அவர் மூன்றாவதை ஆரம்பித்தார்.

"ஜெபமாலையே சொல்லப் போறியளா?" என்றாள் ஜோசபின். சொல்லும்போதே அவளுக்கு ஒவ்வொன்றாக நினைவு வந்தது. ஆஸ்பத்திரியில் கேட்ட சத்தம். குறைந்துபோன தைலம். இரண்டு வருஷமாகப் பூசையில் பெஞ்சில் உட்காராமல், ஆட்களுக்கு இடம் காட்டுகிற வேலையை வலியக் கேட்டு வாங்கிக்கொண்டு, எல்லோரும் முழந்தாளிடும் நேரத்தில் கடைசியில் நின்றுகொண்டே இருக்கிற மனுஷன்.

அவள் குனிந்து தோளைக் கொடுத்தாள். அவர் அவளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். களுக்.

"நாற்காலி" என்றாள் ஜோசபின்.

ஜோவானா சிரிப்பை அடக்கமுடியாமல் சமையலறைக்கு ஓடினாள். தாமஸ் சோபாவில் உட்கார்ந்து முட்டைத் தடவினார்.

"எத்தன நாளா இருக்கு?"

"ரெண்டு வருசம் இருக்கும். போன தடவ வாசல்ல எந்திரிக்கதுக்குள்ள உயிரு போயிட்டு. பக்கத்துல இருந்த பையன்தான் இடுப்பப் புடிச்சுத் தூக்கிவிட்டான்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ எறக்கிவிட்டுருவ. அந்த எடம் போயிருமேன்னு நெனச்சேன்."

ஜோசபினுக்குக் கோபம் வரவில்லை. அந்த இடம் எப்படிப்பட்டது என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? நாற்பது வருஷமாக எட்ட நின்று பார்த்தவள் அவள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் முட்டின் மேல் தன் கையை வைத்தாள். சூடாக இருந்தது.

"இந்தத் தடவ நீங்க தூக்காண்டாம். கூட நடந்து வாங்க."

தாமஸ் முட்டின் மேலிருந்த அவள் கையைத் தட்டிக்கொடுத்தார். பிறகு எழுந்து, நொண்டிக்கொண்டே கராஜுக்குப் போய் ஒரு துணி மூட்டையோடு வந்தார். தோளில் தண்டு அழுத்தாமல் இருக்க வைக்கிற மெத்தை. நீலத் துணியில், கையால் நெருக்கமாகத் தைத்திருந்தது. வழக்கமானதைவிட இரண்டு மடங்கு கனம்.

"இதென்ன இவ்வளவு பெருசு?"

"நீ மத்தவங்களவிடக் குட்டை. இது இருந்தாத்தான் தண்டு மட்டமா நிக்கும்." அடுப்படி அலமாரிக் கதவுப் பக்கம் கையைக் காட்டினார். "நீ பாத்திரம் கழுவும்போது பின்னால நின்னு ஒன் தோள் ஒசரத்தக் குறிச்சேன்."

அலமாரி ஓரத்தில் பென்சிலால் ஒரு சின்னக் கோடு இருந்தது. அங்கே என்னவோ அழுக்கு என்று அவள் இரண்டு முறை துடைத்திருக்கிறாள்.

"எப்போ தச்சிய?"

"மே மாசம். நீ தூக்குதேன்னு சொன்னதுக்கு மறுநா."

"பொறவு எதுக்குப் பரீட்சையெல்லாம் வச்சிய?"

"சும்மா தூக்குன்னு சொன்னா ஆசுபத்திரிக்குப் போயிருப்பியா? உளுந்து மூட்டையத்தான் கட்டியிருப்பியா?"

ஜோசபின் மெத்தையை மடியில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டே சிரித்தாள். ஜோவானா அப்போதுதான் காப்பியோடு வந்தாள். என்ன நடந்தது என்று கேட்டாள், இரண்டு பேரும் சொல்லவில்லை.

திருநாள் சனிக்கிழமை சாயங்காலம். மேற்கே கருமேகம் திரண்டு, காற்றில் மழை வாசனை வந்துகொண்டிருந்தது. கோயில் கூடத்தில் அசன விருந்துக்கு ஆட்டுக்கறி கொதித்துக்கொண்டிருந்தது. தாமஸின் முன்வரிசை இடத்தில் ஜோசபின் நின்றாள், தோளில் நீல மெத்தை. பின்வரிசையில், ஷைன் விட்டுப்போன இடத்தில், ஜோசபின் கட்டிவிட்ட சேலையும் தலையில் பூவுமாக மரிசோல். மல்லிகைக்குப் பதில் கடையில் கிடைத்த வெள்ளை ரோஜா. தாமஸ் கையில் மைக்கோடு பக்கத்தில் நின்றார்.

"தூக்கு" என்றார்.

தண்டு தோளில் வந்து உட்கார்ந்தது. மெத்தை இருந்ததால் மட்டம் துளி பிசகவில்லை. இவ்வளவு கனமா என்று நினைத்தாள். அப்பா இதைத்தானே தூக்கினார் என்றும் நினைத்தாள். நடக்க நடக்கக் கனம் குறையவில்லை, ஆனால் அது தன்னுடையது என்று ஆகிவிட்டது. ஓக் மரத் தெருவில் வீட்டு வாசல்களில் நின்ற வெள்ளைக்காரர்கள் தொப்பியைக் கழற்றினார்கள். பின்னாலிருந்து மரிசோல் தெரியாத தமிழ்ப் பாட்டுக்கு ராகம் மட்டும் பாடிக்கொண்டு வந்தாள்.

கோயில் வாசல் வந்தது. எட்டுப் பேரும் முழந்தாளிட்டார்கள். ஜோசபினின் வலது முட்டு தரையைத் தொட்டது. லேசாக ஒரு இழுப்பு, அப்புறம் நின்றது.

தாமஸ் மைக்கில் செபத்தை ஆரம்பித்தார். எப்போதும் இழுத்து நிறுத்திச் சொல்லுகிற மனுஷன் அன்றைக்கு ரயிலைப் பிடிக்கப் போகிறவர் மாதிரி ஓடினார். அருள்நிறைந்தமரியேவாழ்க என்று ஒரே சொல்லாக வந்தது. அவர் கண் அவள் முட்டியையே பார்த்துக்கொண்டிருந்தது.

தண்டுக்குக் கீழிருந்து ஜோசபின் சொன்னாள். "ஏங்க, மெதுவாச் சொல்லுங்க."

மைக்கில் அதுவும் கேட்டுவிட்டது. கூட்டம் சிரித்தது. தாமஸ் தொண்டையைச் செருமிக்கொண்டு, முதலிலிருந்து, ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னார். ஜோசபின் அத்தனை நேரமும் மாதாவைத் தோளில் வைத்துக்கொண்டு முழந்தாளில் இருந்தாள். ஆமென் என்றதும் எட்டுப் பேரும் ஒரே மூச்சில் எழுந்தார்கள். மாதா ஒரு இம்மி சாயவில்லை. பின்னாலிருந்து, "மிஸ் ஜோ, நோ ஐயோ" என்று ஒரு குரல் வந்தது.

அசனப் பந்தியில் நீள மேஜையில் எல்லோரும் உட்கார்ந்தபோது வெளியே மழை பிடித்துக்கொண்டது. தாமஸ் ஜோசபின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, யாருக்கும் கேட்காமல் சொன்னார்.

"ஆசுபத்திரிக்குப் போன் பண்ணினேன். அந்தப் புள்ள ரக்ஷாதான் பேசுச்சு. வார வெள்ளிக்கிழம வரச் சொல்லுதாவ."

"வெள்ளிக்கிழமயா?"

"ஆமா."

ஜோசபின் பெரிய கரண்டியால் இரண்டு துண்டு கறியை அள்ளி அவர் தட்டில் போட்டாள்.

"காலைல நானே இட்லி அவிச்சுத் தாரேன். முன்னால உக்காந்து பாத்துக்கிட்டே இருப்பேன், மிச்சம் வைக்கக் கூடாது."